அழுகையும் கழிவிரக்கமும்
(வியாகுலப் பிரசங்கம் பற்றிய ஒரு நோக்கு)

திருகோணமலை நகரிலிருந்து வடக்கே நிலாவெளி நோக்கிச் செல்லுஞ் சாலையில், உப்புவெளியைக் கடந்ததும் எதிர்ப்படுவது சாம்பல்தீவு. சாம்பல் என்னுஞ் சொல்லைப் பெயரிலேயே தாங்கிய இக்கடற்கரையூரை நினைக்குந்தோறும் இரு சமயத்தாரின் நெற்றிகள் எம் கண்முன் தோன்றுவதுண்டு. மாசி மாதத்துச் சிவராத்திரியில் சாணத்தைச் சுட்டுத் திருநீறு ஆக்குதல் சைவர் மரபு. பல ஆண்டுகளில் அந்நாளுக்குச் சில நாள் முன்னோ பின்னோ, முந்தைய ஆண்டுக் குருத்தோலைகளைச் சுட்ட சாம்பலைக் கத்தோலிக்கர் நெற்றியில் ஏற்கின்றனர். இன்று திருநீற்றுப் புதன் என வழங்கும் அந்நாளைப் பழைய தமிழ்க் கத்தோலிக்கர் விபூதிப் புதன் என்றே வழங்கினர். சொல் நம்முடையது, பொருள் முற்றும் நம்முடையதன்று. சைவனுக்கு நீறு காப்பு, அழகு, மலம் நீங்கியதன் அடையாளம். கத்தோலிக்கனுக்கோ அது, மனிதன் மண்ணென்றும் மண்ணுக்கே மீள்வானென்றும் உணர்த்தும் எச்சரிக்கை. நாற்பது நாள் தவத்தின் வாயில். அவ்வாயிலினுள் நுழைந்தவர்கள் ஓதியும் கேட்டும் வந்த தமிழ் உரைநடை நூலொன்றே ஈண்டு ஆய்வுக்குரியது. அது வியாகுலப் பிரசங்கம் என்பது.

இந்துக் கல்லூரியொன்றின் மலரில், அதுவும் கோணேசர் குடிகொண்ட நகரில், இத்தகைய நூலை எடுத்துக்கொள்வது ஏனென்று சிலர் வினவக்கூடும். அவ்வினா நியாயமானதே. 1622ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயர் சுவாமிமலைக் கோயிலை இடித்தனர். அதன் கற்கள் கோட்டை கட்டப் பயன்பட்டன. ஞானசம்பந்தர் பாடிய தலத்தை இடித்த கைகள் சிலுவைக்கு முன்னே கூப்பிய கைகளே. இதனை மறந்துவிட்டு இந்நூலைப் படிக்குமாறு யாம் எவரையும் கேளோம். நினைவில் வைத்துக்கொண்டே படிக்கலாம் என்பதுதான் எம் கருத்து. ஆங்கிலிக்கக் குருவாகிய ஜி. யு. போப் தம் எண்பதாம் அகவையில், 1900இல், திருவாசக ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டார். அதனால் அவர் சைவராகிவிடவில்லை. நாமும் அவரை அவ்வாறு ஆகச் சொல்லவில்லை. அவர் நம் கண்ணீரைப் படித்தார். அவர்கள் கண்ணீரை நாம் படிப்பதில் இழுக்கொன்றுமில்லை.

மேலும், கோயிலை இடித்த கூட்டமும் வியாகுலப் பிரசங்கத்தை எழுதிய கூட்டமும் ஒன்றல்ல. இந்நூல் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளது ஆக்கமாகக் கொள்ளப்படுகின்றது. அவர் 1676இல் கோவையைச் சேர்ந்த திவார் தீவில் பிறந்தவர். கொங்கணி பேசுங் குடியினர். 1705இல் இலங்கைக்கு வந்து, தமிழும் சிங்களமும் கற்று, இரு மொழியிலும் நூல்கள் இயற்றி, 1742இல் போலவத்தையில் மறைந்தவர். (ஈண்டுக் கோவை என்றது கொங்கணக் கரையிலுள்ள கோவாவை, கோயம்புத்தூரையன்று.) அவர் காலத்து இலங்கைக் கரைநாடுகள் ஒல்லாந்தர் ஆட்சியில் இருந்தன. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபின் ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடுத்தனர். கத்தோலிக்கக் குருமாருக்குப் புகலிடந் தருதல் உயிர்த்தண்டனைக்குரிய குற்றமாயிற்று. கொன்சால்வெசுக்கு முன்னோடியாக 1687இல் வந்த யோசே வாஸ் அடிகள், பிச்சையெடுப்பார் கோலத்திலே யாழ்ப்பாணத்தில் நடமாட வேண்டியிருந்தது. அவரையும் அவர்தம் தோழரையும் காத்தது கண்டியிலிருந்த பௌத்த அரசே. எனவே இந்நூல் வென்றவர் சமயத்தின் குரலன்று; ஆட்சியையும் கோயிலையும் இழந்து, இரவில் வீடுகளிற் கூடிச் செபித்த ஒரு சிறு கூட்டத்தின் குரல். இந்த வேறுபாட்டை உணராதவர் இந்நூலின் நடையையும் உணரார்.

ஏனெனில் நூலின் வடிவத்தைத் தீர்மானித்தது அந்நிலையே. குரு என்றோ ஒருநாள் ஊருக்கு வந்து மறைவிற் சென்றுவிடுவார். எஞ்சிய நாட்களில் ஊரவருள் எழுத்தறிந்த ஒருவரே நூலைக் கையிலெடுத்து வாசிக்க வேண்டும். அப்படி வாசிப்பவர் தாமாக எதனையும் விளக்கார். ஆகவே விளக்கமும் உருக்கமும் வேண்டுதலும் ஆகிய அனைத்தும் நூலினுள்ளேயே அமைந்திருத்தல் வேண்டும். ஒன்பது பிரசங்கங்களாக வகுக்கப்பட்ட வியாகுலப் பிரசங்கம், இயேசுவின் பாடுகளை அடுத்தடுத்து எடுத்துரைத்து, ஒவ்வோரிடத்தும் கேட்போரை விளித்து நிறுத்தி, வினாவி, அழவைத்து, மீண்டுங் கதைக்குத் திரும்புகின்றது. அதன் வாக்கியங்கள் நீண்டவை. கண்ணால் படிப்பவனுக்கு அவை சலிப்பூட்டும். காதாற் கேட்பவனுக்கோ அந்நீட்சியே இராகத்துக்கு இடமாகின்றது. ஒருவர் இழுத்து நீட்டி ஓத, மற்றையோர் முழந்தாளிட்டுக் கேட்கும் முறையில் வழங்கிவந்த நூலை, நூலகத்து மேசையில் வைத்துப் புரட்டிவிட்டு 'நடை கனமானது' என முடிவுசெய்தல், கூத்துப் பிரதியைப் படித்துவிட்டுக் கூத்தைக் குறைகூறுவது போன்றதாகும்.

இந்நடைக்குத் தாய் எது? பிரசங்கம் என்ற வகை மேலைநாட்டது, அதில் ஐயமில்லை. ஆனால் விளிமேல் விளியாக அடுக்கி, மாண்டவரின் சிறப்பையும் இன்றைய இழிநிலையையும் மாறிமாறி வைத்துப் புலம்பும் போக்கு, நம் மகளிரின் ஒப்பாரியன்றி வேறில்லை. சான்றோர் செய்யுளிற் கையறுநிலை எனப்பட்டதும் சாவீட்டு முற்றத்தில் ஒப்பாரி எனப்பட்டதும் ஒரே ஊற்றின் இரு வாய்க்கால்கள். அந்நியர் ஒருவர் அவ்வூற்றைக் கண்டுகொண்டார் என்பதே வியப்பு. அவர் தம் சிங்கள நூலிலும் இப்பொருளையே ஒன்பது பிரசங்கங்களாக அமைத்தார். சிங்களக் கத்தோலிக்கரின் பசான் என்னும் புலம்பலிசைக்கு அது வித்தாயிற்று. இரு மொழியாரும் ஒரே துயரைத் தத்தம் தாய்மாரின் குரலில் அழுதனர் என்க.

இனி, இந்நூலின் உயிர்நிலையை அறியத் தொல்காப்பியர் வகுத்த ஓர் இலக்கணம் துணைசெய்யும். மெய்ப்பாட்டியலில் அழுகைக்கு நான்கு நிலைக்களன்கள் கூறப்படுகின்றன. இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன அவை. பிறரால் இகழப்படுதல், உற்றாரை இழத்தல், முன்னைய நிலையிலிருந்து தாழ்தல், துய்ப்பதற்கு ஒன்றுமின்மை என அவற்றை விரித்துக்கொள்ளலாம். வியப்பென்னவெனில், பாடுகளின் கதை இந்நான்கையும் நிரம்பக் கொண்டிருக்கின்றது. முள்முடி சூட்டி எள்ளுதல் இளிவு. சிலுவையடியில் நிற்கும் தாயிடத்து இழவு. உலகைப் படைத்தவன் எனப்படுபவன் தெருவிலே சுமையோடு வீழ்தல் அசைவு. உடுத்த ஆடையும் சீட்டிட்டுப் பங்கிடப்பட்டு, பிறனொருவன் கல்லறையில் இடம் பெறுதல் வறுமை. தொல்காப்பியம் கற்ற மாணவனிடம் இக்கதையைக் கொடுத்து, அழுகைச் சுவைக்கு எடுத்துக்காட்டுத் தருக எனின், அவன் வேறெங்கும் தேடவேண்டியதில்லை.

ஆயின் இந்நான்கோடு நின்றிருந்தால் வியாகுலப் பிரசங்கம் நல்லதோர் ஒப்பாரியாக மட்டுமே நின்றிருக்கும். மேற்கூறிய நான்கும் ஒருவனுக்கு நேர்ந்தவை பற்றியன. அவன் செய்தவை பற்றியன அல்ல. உரைகாரர் அவற்றைத் தன்னிடத்துத் தோன்றுவன, பிறரிடத்துத் தோன்றுவன எனப் பகுத்தபோதும், நேர்ந்த துன்பமே அங்குப் பேசப்பட்டது. தான் இழைத்ததற்காகத் தான் அழும் அழுகைக்கு அந்நால்வகையில் இடமில்லை. பின்னர்த் தனியே எண்ணப்படும் முப்பத்திரண்டு மெய்ப்பாடுகளுள் நாணல் அதற்கு அணித்தாக வருகின்றது. எனினும் நாணல் வேறு, கழிவிரக்கம் வேறு. நாணம் பிறர் கண்ணுக்கு அஞ்சுவது. கழிவிரக்கத்துக்குப் பிறர் காணவேண்டியதில்லை.

இப்பிரசங்கத்தின் ஆற்றல் அவ்வைந்தாம் அழுகையிலேயே உள்ளது. கேட்போர் முதலில் இயேசுவுக்காக இரங்குகின்றனர். அவ்விரக்கம் முதிர்ந்துவரும் வேளையில், வாசிப்பவர் குரல் திடீரெனத் திரும்பி, இதனைச் செய்தவன் யாரென வினவுகின்றது. நானே என விடையும் சொல்லுகின்றது. அழுபவனே கொலைஞனும் ஆகிறான். நம் ஒப்பாரியில் இத்திருப்பம் இல்லை. அங்கே யமன் கொடியவன், விதி கொடியது, மருந்து கொடாத மருத்துவனும் கொடியவன். அழுபவள் ஒருத்தியே குற்றமற்றவள். மார்பில் அறைந்துகொள்ளும் செயல் இரண்டிற்கும் பொதுவாயினும், ஒன்றில் அது துயரின் அடி. மற்றையதில் குற்ற ஒப்புதலின் அடி.

சிலுவைப்பாதை எனப்படும் வழிபாட்டிலும் இத்திருப்பமே நடுநாயகமாக நிற்கின்றது. பதினான்கு நிலைகள் என்னும் தொகை 1731இல் பாப்பரசர் பன்னிரண்டாம் கிளெமென்ற் காலத்தில் உறுதிசெய்யப்பட்டது. அவற்றுள் எட்டாவது, எருசலேம் நகரத்து மகளிர் இயேசுவைக் கண்டு அழுவது. லூக்காவின் நூற்படி அவர் அவ்வழுகையை ஏற்கவில்லை; தமக்காக அழாது தங்களுக்காகவும் தங்கள் மக்களுக்காகவும் அழுமாறு அவர்களை நோக்கிக் கூறினார். ஒப்பாரிக்கு ஒப்பாரியின் நாயகனே தடைவிதிக்கின்றான். துயரச்சுவையை நுகர்ந்து கண்ணீர்விட்டு இன்புறும் மனத்துக்கு — நாடகங் கண்டு அழுது வீடு திரும்பும் நம் எல்லோர்க்கும் அம்மனம் உண்டு — இதைவிடக் கூரிய கண்டனம் இலக்கியத்தில் அரிது.

தமிழிலே செய்த தவற்றுக்காக ஒருவன் நெஞ்சு வெடித்த காட்சி இல்லையா எனின், உண்டு. கண்ணகி சிலம்பை உடைத்தபோது, தன்னையே கள்வன் எனத் தீர்ப்பளித்து அரியணையிலிருந்து வீழ்ந்து மாண்ட பாண்டியனை யாவரும் அறிவர். அதனினும் உயர்ந்த கழிவிரக்கத்தை யாம் கண்டதில்லை. ஆனால் அவன் கழிவிரக்கம் அவனைக் கொன்றது. அறத்தின் முன்னே குற்றமுணர்ந்தவனுக்கு அங்குச் சாவன்றி வேறு வழியில்லை. பாடுகளின் கதையில் இருவர் பிழையுணர்கின்றனர். காட்டிக்கொடுத்த யூதாஸ் முப்பது வெள்ளிக்காசையும் எறிந்துவிட்டுத் தூக்கிட்டு மாய்ந்தான். மூன்றுமுறை மறுதலித்த பேதுரு, சேவல் கூவக் கேட்டு, வெளியே சென்று மனங்கசந்து அழுதான், அழுதபின் வாழ்ந்தான். பாண்டியன் யூதாசின் இனத்தவன் என்றால் சினங்கொள்ளற்க. குற்றத்தில் அன்று, முடிவில் மட்டுமே அவ்வொப்பு. மனஸ்தாப செபங்கள் யாவும் பேதுருவின் பக்கம் சாய்வன. அழுதபின் வாழ்வது எவ்வாறு என்பதே அவற்றின் கேள்வி.

சைவத் திருமுறைகளில் இக்கேள்விக்கு வேறு வகையான விடை இருக்கின்றது. அப்பரடிகள் சூலைநோயால் துடித்தபோது துன்புற்றது அடியவர் உடல். நீக்கியது இறைவன் அருள். பிற்காலத்தில் அவர் வீணே கழிந்த நாட்களுக்கு இரங்கினார். மாணிக்கவாசகர், தம்மை நாயோடு ஒப்பிட்டுத் தாழ்த்திக்கொண்டபோதும், வருந்தியது பெரும்பாலும் தாம் பின்தங்க நேர்ந்த பிரிவுக்கே. ஆணவ மலம் அநாதி என்பது சித்தாந்தம். ஆகவே சைவனின் கழிவிரக்கம் இன்ன நாளில் இன்ன கட்டளையை மீறினேன் என்னும் கணக்காக விரிவதில்லை. அறியாமையிற் கிடந்தேனே என்னும் பெருமூச்சாக நிற்கின்றது. கத்தோலிக்க மரபோ கணக்குக் கேட்பது. 1580இல் கொச்சியில் அச்சான என்றிக்கே என்றிக்கசு அடிகளின் 'கொம்பெசியொனாயரு' என்னும் நூல் முழுவதும் பாவசங்கீர்த்தனத்துக்கு மனத்தை ஆயத்தஞ் செய்யும் வழிகாட்டி. தமிழில் அச்சேறிய முதல் நூல்களுள் ஒன்று குற்றத்தை ஒப்புக்கொள்ளக் கற்பிப்பது என்பது நினைக்கத்தக்கது. அக்கணக்கு வெறும் அச்சத்தாற் பிறத்தல் கூடாது என்பதும் அம்மரபே. நரகுக்கு அஞ்சி வருந்துவது தாழ்ந்தது. இறைவனிடத்து வைத்த அன்பால் வருந்துவது உத்தம மனஸ்தாபம். இவ்விடத்தில் இரு மரபும் அண்மையில் வந்து நிற்கின்றன.

இறைவன் அடிபடுவதாகச் சொல்வது சைவ மனத்துக்கு ஒவ்வாது என்பர். பிறப்பிறப்பற்ற பொருளுக்குச் சாவு கற்பித்தல் சித்தாந்தத்துக்கு உடன்பாடன்று என்பது மெய். ஆனால் மதுரையிலே பிட்டுக்கு மண்சுமந்த கூலியாளின் முதுகில் பாண்டியனின் பிரம்பு வீழ்ந்ததை நாம் ஆண்டுதோறும் கொண்டாடுகின்றோம். அங்கே அவ்வடி எல்லா உயிர் மேலும் பட்டது. அடித்தவன் முதுகிலும் பட்டது. அதனால் அவன் உணர்ந்தான். வியாகுலப் பிரசங்கத்திலோ அடி எவர்மேலும் திரும்புவதில்லை. அடித்தவன் நோவின்றி நிற்கின்றான். அந்நோவைத் தானே தேடிப் பெறவேண்டியவனாகின்றான். செபம் என்பது அவன் அதைத் தேடும் முயற்சி. ஒரே காட்சியை வைத்து இரு சமயங்களும் இவ்வளவு மாறுபட்ட உளவியலை அமைத்திருப்பதை எம் மாணவர் விரிவாக ஆராயலாம்.

குறை கூறாது விடுவது திறனாய்வன்று. இவ்வகைப் பழைய பாடுகள் நூல்களில், துன்புறுத்தியோரை யூதர் எனப் பொதுப்படக் கூறி வசைமாரி பொழியும் பகுதிகள் உள்ளன. அறமுறையில் அவை தவறு. ஐரோப்பாவில் அவ்வசையின் விளைவு யாதென்பதை இருபதாம் நூற்றாண்டு காட்டியது. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், இயேசுவின் சாவுக்கான பழியை அக்காலத்து யூதர் அனைவர் மேலும் இக்காலத்து யூதர் மேலும் சுமத்துதலாகாது எனத் தெளிவாக அறிவித்தது. இலக்கிய முறையிலும் அவை தவறென்பதே யாம் இங்குக் கூறவேண்டியது. 'நானே செய்தேன்' என்பதில் உயிர்கொண்டு எழுந்த நூல், 'அவர்கள் செய்தனர்' என்றவுடன் சாதாரண ஒப்பாரியாகத் தாழ்ந்துவிடுகின்றது. அவ்விடங்களில் சொற்கள் உரத்து ஒலிக்கின்றன, உருக்கம் ஒழிந்துபோகின்றது.

மற்றொரு குறை நுட்பமானது. இச்செபங்களில் 'நான்' உண்டு, 'நாங்கள்' அரிது. பொய், களவு, காமம், கோபம் என ஒருவன் தனித்துச் செய்பவற்றுக்கு அவை நெஞ்சிலடிக்கக் கற்பிக்கின்றன. ஓர் அரசும் ஒரு படையும் ஒரு திருச்சபையும் கூடிச் செய்பவற்றுக்கு என் செய்வது? சுவாமிமலையில் கோயிலைத் தகர்த்த போர்வீரனும் அவ்வாண்டுத் தவக்காலத்தில் முழந்தாளிட்டிருப்பான். கோயில் இடித்ததை அவன் தன் பாவக்கணக்கில் எழுதியிருக்கமாட்டான். 2000ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள் உரோமையில், பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர், திருச்சபை மக்கள் கடந்த காலத்தில் இழைத்தவற்றுக்காக வெளிப்படையாகக் கடவுளிடம் மன்னிப்பு வேண்டினார்; பிற பண்பாடுகளுக்கும் சமயங்களுக்கும் இழைத்த தீங்கும் அதில் அடங்கியது. அந்த 'நாங்கள்' வருவதற்கு நெடுங்காலம் சென்றது. வந்தது நன்றே. நம் பக்கத்திலும் அத்தகைய 'நாங்கள்' ஒன்று, தாழ்த்தப்பட்டோர்க்குக் கதவடைத்த கோயில்களை நினைத்து, இன்னும் உரக்கச் சொல்லப்படவேண்டியதாய் இருக்கின்றது.

மொழி பற்றி ஒரு சொல். மனஸ்தாபம் என்னும் வடசொல் இன்று இருவரிடையே தோன்றும் மனக்கசப்பைக் குறிக்கின்றது. பழைய கத்தோலிக்கரிடம் அது மனத்தின் தாபம், பாவத்துக்காக நெஞ்சு வேதல். சர்வேசுரன், இஸ்பிரித்து சாந்து, பசாம் முதலிய சொற்களோடு இதுவும், வத்திக்கான் சங்கத்துக்குப் பிற்பட்ட தமிழாக்கங்களில் பெரும்பாலும் மறைந்து, மனத்துயர் முதலியன வந்தன. தூய தமிழ் விரும்பும் யாம் இதனை வரவேற்க வேண்டியவர். ஆயினும் ஒன்றை ஒளிக்க விரும்பவில்லை: மனத்துயர் என்பதில் துயர் உண்டு, வேக்காடு இல்லை. புதிய சொற்கள் பொருளால் துலங்குகின்றன. இழுத்து ஓதுதற்குரிய நீண்ட ஓசை பழைய சொற்களில்தான் இருந்தது. தமிழைப் பக்தியின் மொழியென உலகறியச் சொன்ன தனிநாயக அடிகள் ஒரு கத்தோலிக்கக் குருவே. பக்தி சொற்பொருளில் மட்டுமன்றிச் சொல்லோசையிலும் குடியிருப்பதை அவர் அறியாதவரல்லர்.

இறுதியாக அத்தாயைப் பற்றிச் சொல்லவேண்டும். நூலின் பெயரிலுள்ள வியாகுலம் அவளுக்கும் உரியது. புறநானூற்றில் ஒரு முதிய தாய், மகன் புறங்கொடுத்து மாண்டான் எனக் கேட்டு, வாளோடு களத்திற்குச் சென்று, பிணங்களைப் புரட்டித் தேடி, சிதைந்து கிடந்த அவன் உடலைக் கண்டு, ஈன்ற நாளினும் பெரிதாக மகிழ்கின்றாள். வீரவுகத்தின் தாய் அவள். வீரமாமுனிவர் அன்னை அழுங்கல் அந்தாதி பாடியதும், கொன்சால்வெஸ் உரைநடையில் அழவைத்ததும் மற்றொரு தாயை. அவளுக்கு மகனின் வீரம் ஆறுதலன்று. உடலை மடியில் ஏந்துவதே எஞ்சியது. இவ்விரு தாயருள் நம் காலத்துக்கு உரியவள் யார் என்பதை வடக்குக் கிழக்கில் வாழ்ந்தவர்க்குச் சொல்லவேண்டியதில்லை. 2009இல் முடிந்த நெடும்போரிலே மக்களை இழந்து, மடியில் ஏந்த உடலும் கிடைக்காமல், ஒளிப்படத்தை ஏந்தி வீதியோரத்தில் அமர்ந்த தாய்மாருள் திருநீறு அணிந்தவரும் இருந்தனர், செபமாலை ஏந்தியவரும் இருந்தனர். 2004 திசம்பர் 26இல் கடல் ஏறிவந்தபோது இக்கரையோரத்துத் தாய்மார் சிலர்க்கு நேர்ந்ததும் அதுவே. வியாகுலப் பிரசங்கம் அடக்கம் வரை செல்லுகின்றது. கல்லறை மூடப்பட்டதும் வாசிப்பவர் ஏட்டை மூடுகின்றார், கேட்டவர் எழுந்து வீடு செல்கின்றனர். அடக்கமே கிடையாத தாயின் பிரசங்கத்தை எந்த இடத்தில் முடிப்பது என்பதற்கு அந்நூலில் விதி இல்லை.